டெலிவரி ஐடியை (செயலிக் கணக்கை) வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா: டெலிவரி வேலையில் தொடர்வது பற்றி முடிவெடுக்கும் முறை

உணவு டெலிவரி, மளிகை டெலிவரி, பைக் டாக்சி, ஆட்டோ செயலி என எதில் ஓடினாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இதிலேயே இருப்பதா, வேறு கம்பெனிக்கு மாறுவதா, மொத்தமாக விட்டுவிடுவதா என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. பெரும்பாலும் அது தவறான நேரத்தில் எழுகிறது. மழையில் நனைந்து திரும்பிய இரவிலோ, வாடிக்கையாளர் வீண்பழி போட்டுக் காசு பிடித்தம் ஆன நாளிலோ விட்டுவிடத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை இன்சென்டிவ் (டார்கெட் முடித்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை) முழுதாக விழுந்ததும் இதைப் போல வேலை உண்டா என்று தோன்றும். இரண்டு மனநிலையிலும் எடுக்கும் முடிவு நிலைக்காது. சென்னையில் இந்த வேலையை முழுநேரமாகச் செய்பவர் நிதானமாக உட்கார்ந்து இதை எப்படித் தீர்மானிக்கலாம் என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் இந்தியாவில் 77 லட்சம் பேர் இத்தகைய வேலைகளில் இருந்ததாகவும், 2029-30-இல் அது 2.35 கோடியாகும் என்றும் கணித்தது. ஆனால் இந்தக் கூட்டம் ஒரே கூட்டமாக நிற்பதில்லை. வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறது. ஜொமேட்டோவின் நிறுவனரே வெளியிட்ட விவரப்படி, 2025-இல் அத்தளத்தில் ஒரு டெலிவரி ஊழியர் சராசரியாக ஆண்டுக்கு 38 நாள்தான் வேலை செய்திருக்கிறார். 250 நாளுக்கு மேல் ஓடியவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். எனவே தளங்களின் விதிகள், கட்டணங்கள், சலுகைகள் எல்லாமே ஆள் போனால் வேறு ஆள் வருவார் என்ற எண்ணத்தில்தான் வகுக்கப்படுகின்றன. கம்பெனி உங்களைத் தக்கவைக்கப் பெரிதாக மெனக்கெடாது. வீட்டில் அடுப்பெரிவதே இந்த வருமானத்தில்தான் என்றால், கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

மணிக்கு என்ன மிஞ்சுகிறது

செயலி காட்டும் தொகையை வருமானமாக எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. அது வரவு மட்டுமே. வழக்கமான ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; பண்டிகை வாரமோ கனமழை வாரமோ வேண்டாம். ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டு வண்டியைக் கிளப்பிய நேரத்தையும், திரும்பி வந்து நிறுத்திய நேரத்தையும், இரண்டு வேளையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் லாகின் நேரமும் கிலோமீட்டரும் இதற்குப் போதாது. ஓட்டல் வாசலில் ஆர்டருக்காக நின்ற நேரம், கடைசி டெலிவரி முடிந்து வேளச்சேரியிலிருந்து வீடு திரும்பிய தூரம் எல்லாம் உங்கள் செலவுதான்.

எடுத்துக்காட்டாக, 11 மணி நேரத்தில் 1,100 ரூபாய் வரவு, 110 கிலோமீட்டர் ஓட்டம் என்று கொள்வோம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டியில், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் சுமார் 245 ரூபாய் போய்விடும். டயர், ஆயில், பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட் ஆகியவை அன்றன்றைக்குத் தெரியாமல் மூன்று மாதத்துக்கொருமுறை மொத்தமாக வந்து விழுபவை. கிலோமீட்டருக்கு 80 பைசா என்று ஒதுக்கினால் 90 ரூபாய் அளவில் வரும். ரீசார்ஜுக்கு 15 ரூபாய். மிச்சம் 750. மணிக்கு 68 ரூபாய். இந்த வேலைக்காகவே வாங்கிய வண்டிக்கு மாதம் 3,500 ரூபாய் தவணை கட்டுகிறீர்கள் என்றால், 26 நாளுக்கு நாளொன்றுக்கு 135 ரூபாய் ஆகிறது. அதையும் கழித்தால் மணிக்கு 56 ரூபாய்தான். வேலை இல்லாவிட்டாலும் வண்டி வைத்திருக்கப் போகிறவர் தவணையைக் கழிக்க வேண்டியதில்லை.

ஜொமேட்டோ வெளியிட்ட அதே விவரத்தில், 2025-இல் டிப்ஸ் நீங்கலாக மணிக்குச் சராசரி 102 ரூபாய் கிடைத்ததாகவும், நாளுக்கு 10 மணி நேரம் மாதம் 26 நாள் ஓடுபவருக்கு எரிபொருள், பராமரிப்புச் செலவாக 20 சதவீதம் போக ஏறக்குறைய 21,000 ரூபாய் நிற்கும் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் செலவு 30 சதவீதத்தைத் தாண்டுகிறது. பழைய வண்டி, தூர ஆர்டர்கள், அண்ணா சாலை நெரிசலில் முதல் கியரிலேயே நகர்வது என்று எதைச் சேர்த்தாலும் செலவு கூடத்தான் செய்யும். அவர்கள் எண்ணோ என் எண்ணோ உங்களுக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. உங்கள் மீட்டர் சொல்வதை நம்புங்கள்.

இந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் 15,000 ரூபாய் சம்பளம் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப்-க்கு 12 சதவீதமும் இஎஸ்ஐ-க்கு 0.75 சதவீதமும் பிடித்தால் கைக்கு வருவது 13,000 சொச்சம். நமக்கு நாளுக்கு 750 வீதம் 26 நாளில் மாதம் 19,500 நிற்கிறதே என்று அந்த வேலையைத் தள்ளிவிடுவோம். ஆனால் பிடித்த 1,800 ரூபாய் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. முதலாளியும் அதே அளவு போட வேண்டும், அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. அதையும் சேர்த்த 16,800 ரூபாயை, நாளுக்கு 8 மணி வீதம் 26 நாளின் 208 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 80 ரூபாய்க்கு மேல் வருகிறது. இஎஸ்ஐ மருத்துவம் இதில் சேரவில்லை. 12 மணி நேர ஷிஃப்டை 8 மணி நேர வேலை என்று சொல்லி ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதால், அங்கே ஏற்கெனவே வேலை செய்பவரிடம் நேரத்தைக் கேட்டறிந்த பிறகே வகுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாத மொத்தம் 19,500 தேவை, அதற்குக் கூடுதல் நேரம் உழைக்கத் தயார் என்றால் தொடர்வது முற்றிலும் நியாயமான முடிவு. மணிக்கணக்கு தெரிந்து தொடர்வதும் தெரியாமல் தொடர்வதும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

உங்களை நிறுத்தி வைத்திருப்பது எது

ஏன் இன்னும் இதிலேயே இருக்கிறாய் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சுதந்திரம் என்பார்கள். மேஸ்திரி கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. இது உண்மையான காரணம். குறிப்பாக, சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கும், தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஓட்டுபவர்களுக்கும் இதற்கு ஈடாக வேறு வேலை சுலபத்தில் கிடைக்காது. ஆனாலும் சோதித்துப் பாருங்கள். சென்ற மாதத்தில் நீங்கள் நினைத்தபோது நிறுத்திய நாள்கள் எவை? ஸ்லாட்டை, அதாவது முன்பே பதிந்த வேலை நேரத்தை, தவறவிட்டால் இன்சென்டிவ் போகும் என்பதற்காகக் காய்ச்சலோடு ஓடிய நாள்கள் எவை? இரண்டாவது வகை கூடுதல் என்றால், நீங்கள் சுதந்திரம் என்று நம்புவது ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கிறது.

இன்சென்டிவின் வேலையே அதுதான். அண்ணா நகரில் ஒரு டார்க் ஸ்டோர் (செயலி ஆர்டர்களுக்கு மட்டுமான கிடங்கு) வாசலில் இரவு பத்தே முக்காலுக்கு நிற்கும் பையன்களைக் கவனித்தால் இது தெரியும். இன்னும் இரண்டு ஆர்டர் அடித்தால் அன்றைய டார்கெட் முடிந்து அடுத்த படியின் தொகை விழும். வீட்டுக்குப் போகலாம் என்று ஹெல்மெட்டை மாட்டியவர் போனைப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றி வைப்பார். ஆர்டர் வருகிறது, ஆனால் எட்டுக் கிலோமீட்டர் தூரம். எடுத்தால் நேரத்துக்குள் இரண்டாவது கிடைக்காது, விட்டால் ரேட்டிங் இறங்கும். இரவில் அவரை அங்கே நிறுத்தி வைப்பது அடுத்த ஆர்டரின் கூலி அல்ல. ஏற்கெனவே ஓடிய இருபது ஆர்டரின் உழைப்பு வீணாகிவிடும் என்ற பயம். எனவே கணக்குப் போடும்போது இன்சென்டிவைத் தனியே பிரித்தெழுதுங்கள். அது இல்லாமல் மணிக்கு என்ன நிற்கிறது என்பதுதான் அடிப்படை. இன்சென்டிவ் விதி எந்தத் திங்கட்கிழமையும் மாறலாம்.

வாரந்தோறும் காசு கைக்கு வருவது இன்னொரு பிடி. மாதச் சம்பள வேலையில் முதல் சம்பளம் வரச் சில இடங்களில் நாற்பது நாள் கூட ஆகும். அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமலே நல்ல வேலையை விட்டவர்கள் பலர். இதற்குச் சமாதானம் சொல்லிப் பயனில்லை. ஒன்றரை மாத வீட்டுச் செலவு கையில் சேரும் வரை மாறுவதைத் தள்ளிப்போடுவதும், அதைச் சேர்ப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொள்வதும்தான் வழி. தண்டல்காரரிடம் அதற்காக வாங்குவதைவிடத் தளத்திலேயே இன்னும் சில மாதம் இருப்பது மேல்.

கைக்காசை முதலாகப் போட்டவர்களுக்கு விலகுவது இன்னும் கடினம். பெரிய பை, டி-ஷர்ட் அளவில் நின்றுவிடுகிற டெலிவரி வேலையைவிட, அழகுக்கலை போன்ற வீட்டுச் சேவைத் தளங்களில் இது அதிகம். பயிற்சி, பொருட்பெட்டி, தளம் சொல்லும் பிராண்டுகள் என்று கைப்பணம் இறங்கிய பிறகு விலகினால் நஷ்டம். 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனியின் பெண் ஊழியர்கள் கமிஷனுக்கும் அபராதத்துக்கும் எதிராக அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். இத்தகைய தளங்களில் விலகத் தயங்கவைப்பது இந்தப் போட்ட முதல்தான். போட்டது போட்டதுதான். இனிமேல் போட வேண்டியது எவ்வளவு, இனிமேல் வரக்கூடியது எவ்வளவு என்ற இரண்டை மட்டும் எடைபோடுங்கள்.

யாரும் காரணமாகச் சொல்லாத ஒன்றும் உண்டு. காத்திருக்கும் இடத்தில் கிடைக்கும் கூட்டாளிகள். எந்தச் சிக்னலில் செக்கிங், எந்த ஓட்டலில் ஆர்டர் தாமதம், எந்த அப்பார்ட்மெண்டில் லிஃப்ட் விடமாட்டார்கள் என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வரும். விபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு முன்னால் அவர்கள்தான் வருவார்கள். கம்பெனி மாறினாலும் இந்தக் குழுவை விடாதீர்கள்.

எதற்காக விலகுகிறார்கள்

குறைந்த கூலிக்காகத்தான் விலகுகிறார்கள் என்பது பாதி உண்மை. என் பார்வையில், குறைந்த கூலியை நம்மவர்கள் வியக்கும் அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மாறும் கூலியைத்தான் பொறுப்பதில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி ஊழியர்கள் வேலையை நிறுத்தியது, ஓர் ஆர்டருக்குக் கிடைத்துவந்த 35 ரூபாய் 15 ரூபாயாகக் குறைந்ததென்று. 2022 செப்டம்பரில் அதே நகரில் மறுபடி வேலைநிறுத்தம் நடந்தபோது பிரச்சினை புதிய சம்பள முறை. இரண்டு முறையும் கோபம் கூலியின் அளவோடு நிற்கவில்லை; நேற்றுப் போட்ட கணக்கு இன்று செல்லாமல் போனதே அதற்கு எண்ணெய் ஊற்றியது. ஆகவே உங்கள் தளத்தில் கடந்த ஓராண்டில் ரேட் கார்டு (கூலிப் பட்டியல்) எத்தனை முறை, எந்தத் திசையில் மாறியது என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொடர்ந்து கீழேயே போகும் தளத்தில் அடுத்த ஆண்டுக்கான திட்டம் போடக் கூடாது.

ஐடி பிளாக் ஆவது இரண்டாவது காரணம். யாரோ ஒருவர் சாப்பாடு வரவில்லை என்று புகார் செய்ய, விளக்கம் கேட்காமலே ஐடி முடங்கும். அப்போது போனில் கத்துவதால் ஒன்றும் நடக்காது. டெலிவரி செய்த இடத்தின் புகைப்படம், அழைத்த எண்ணின் பதிவு, ஆர்டர் எண், நேரம் ஆகியவற்றோடு செயலியின் உதவிப் பகுதியில் எழுத்து மூலம் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கர்நாடகத்தில் 2025-இல் வந்த சட்டம், ஊழியரை நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்து மூலம் காரணமும் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய செயலிவழி ஊழியர்களுக்கென 2023-இல் அமைந்த நல வாரியம் உதவிகளுக்கானது. ஐடியைத் திரும்ப வாங்கித் தரும் இடம் அல்ல. ஒருமுறை காரணமில்லாமல் முடங்கி மீண்ட ஐடி மறுபடியும் முடங்கலாம் என்று எண்ணி, அன்றே இரண்டாவது தளத்தில் பதிவு செய்து வைப்பது புத்திசாலித்தனம்.

உடம்பு மூன்றாவது. இடுப்பு, கழுத்து, வெயில், அடக்கி வைக்கும் சிறுநீர். சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிர்சாதன ஓய்வறைகளைத் திறந்தது நல்ல தொடக்கம். பெண்களுக்கு அதன் அருமை இன்னும் அதிகம் தெரியும். என்றாலும் நகரம் முழுக்க ஓடுபவருக்கு அது எப்போதும் வழியில் இருப்பதில்லை. நான்காவதைப் பொருளாதாரக் கட்டுரைகளில் காண முடியாது: மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்வி. பெண் பார்க்கும் காலத்தில் இருபத்தைந்தாயிரம் வருகிற டெலிவரியைவிட்டுப் பதினைந்தாயிரம் வருகிற கம்பெனி வேலைக்குப் போனவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு தளத்துக்கு மாறுவதானால்

சேரும்போது கொடுக்கும் போனஸைப் பார்த்து மாறாதீர்கள். இத்தனை நாளுக்குள் இத்தனை ஆர்டர், இத்தனை வார இறுதி லாகின் என்ற நிபந்தனைகள் அதோடு வரும். ஒன்று குறைந்தாலும் தொகை வராது. பழைய ஐடியை வைத்துக்கொண்டே புதியதில் இரண்டு மூன்று வாரம், அதே பகுதியில், அதே நேரங்களில் ஓடிப் பார்த்து, மேலே சொன்ன மணிக்கணக்கைப் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு செயலியையும் திறந்து வைத்து இரண்டு ஆர்டரையும் ஏற்பது வேறு விஷயம். இரண்டிலும் ரேட்டிங் விழும்.

ஆட்டோ ஓட்டுநர்களுக்குக் கணக்கு வேறு. சென்னையில் அரசு மீட்டர் கட்டணத்தை 2013-இல், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. அது நடைமுறைக்கு ஒவ்வாமல் போனதால் செயலிக் கட்டணமே ஏறக்குறைய சந்தை விலையாகிவிட்டது. ரேபிடோ, நம்ம யாத்ரி ஆகியவற்றின் வழியில் ஊபரும் 2025 பிப்ரவரியில் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுவிட்டுச் சந்தாவுக்கு மாறியது. நாளுக்கு 40 ரூபாய் சந்தா, எதிரில் 20 சதவீதக் கமிஷன் என்று வைத்தால், 200 ரூபாய்க்கு மேல் ஓடும் நாளெல்லாம் சந்தாவே லாபம். ஆனால் சந்தா முறையில் பயணி பணத்தை நேராக உங்களிடம் தருகிறார். தராமல் இறங்கிப் போனால் அந்தத் தகராறும் உங்களுடையது. இரவு ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விலகுவது என்று முடிவானால்

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலமும் தீபாவளியை ஒட்டிய வாரங்களும் ஆர்டர் கொட்டும் நேரம். ஊருக்குப் போகிறவர்களால் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளும். கையிருப்பைச் சேர்த்துக்கொள்ள ஏற்றது அதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அப்படியே நின்றுவிடுகிறவர்கள் அறிந்தோ அறியாமலோ நல்ல நேரத்தில்தான் விலகுகிறார்கள்.

கையில் உள்ள கேஷ் ஆன் டெலிவரி பாக்கியைக் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்று காட்டும் திரையைப் படமெடுத்து வையுங்கள். பை, டி-ஷர்ட் ஆகியவற்றுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அது திரும்பி வருமா என்று எழுதிக் கேளுங்கள். மாதவாரி வருமான அறிக்கைகளைச் செயலி திறக்கும் வரையில்தான் எடுக்க முடியும். பின்னால் கடன் கேட்கும்போதோ வாடகை வீடு பிடிக்கும்போதோ வருமானச் சான்றாக உதவுவது அவைதான். உங்கள் பான் எண்ணில் வரி பிடித்திருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள்; இந்த வருமான அளவில் பலருக்கு வரியே வராது என்பதால், கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த தொகை திரும்பும். சில ஆயிரங்களை அரசிடமே விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

தளம் தரும் விபத்துக் காப்பீடு, பெரும்பாலும் நீங்கள் ஓடும்வரைதான். நல வாரியப் பதிவும் இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளருக்கான மத்திய அரசுத் தளம்) பதிவும் அப்படியல்ல. அவை கம்பெனியின் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருப்பவை, தளம் மாறினாலும் கூடவே வருபவை. 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியமும் குழுக் காப்பீடும் அறிவிக்கப்பட்டன. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தளங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை ஊழியர் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அதில் உள்ளது. பணம் வரும்போது பதிவில் இருப்பவருக்குத்தான் வரும் என்பதால், தொடர்பவரும் விலகுபவரும் ஓட்டத்தில் இருக்கும்போதே இரண்டு பதிவையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

ஐடியை உடனே அழிக்கத் தேவையில்லை. புது வேலை ஒத்துவராமல் போனால் திரும்புவதற்கு அது வழி. ஆனால் சும்மாதானே இருக்கிறது என்று மச்சானுக்கோ அறைத்தோழனுக்கோ ஓட்டக் கொடுப்பதும், மாத வாடகைக்கு விடுவதும் இங்கே சர்வசாதாரணமாகிவிட்டது. அந்த ஐடியில் ஓடியவர் விபத்தில் சிக்கினால் காப்பீடு செல்லாது. பொருள் தொலைந்தாலோ வாடிக்கையாளர் வீட்டில் தகராறு நடந்தாலோ காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வருவது உங்கள் எண்ணுக்கு. ஓடப்போவதில்லை என்று முழுமையாக முடிவான பிறகு கணக்கை மூடும்படி எழுதிக் கொடுத்து, ஆதாருடனும் வங்கிக் கணக்குடனும் உள்ள இணைப்பை நீக்கிவிடுங்கள்.